பச்சிளங் குழந்தையும் நுண்ணிய பகையும்

மண்ணுலகில் தோன்றும் குழந்தை முதன்முதலாகச் செய்யும் செயல் மூச்சை உள்ளிழுத்தலே ஆகும். கண் திறந்து நோக்குதலும் தாயின் பாலைப் பருகுதலும் அதன் பின்னரே நிகழ்வன. அன்று தொடங்கிய மூச்சு, உடலில் உயிர் உள்ள வரையில் ஓய்வின்றி இயங்குகின்றது. அது சென்று வரும் வழி பெரியவர்களுக்கு அகன்ற தெருவை ஒத்தது. கைக்குழந்தைக்கோ ஒற்றையடிப் பாதையை ஒத்தது. அந்த ஒற்றையடிப் பாதையை அடைக்க வரும் பகைகளுள் முதன்மையானது, ஆர்.எஸ்.வி. என்று மருத்துவர் சுருக்கமாக வழங்கும் ஒரு வைரசு ஆகும்.

இவ்வைரசு தீண்டாத குழந்தை அரிது. இரண்டு வயது நிரம்புவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஒருமுறையேனும் இதன் வாய்ப்படுகின்றன. அவர்களுள் மிகப் பலருக்குச் சில நாள் மூக்கு ஒழுகும், இருமல் தோன்றும், காய்ச்சல் கண்டு நீங்கும். ஆயின் ஒரு சிலருக்கு நோய் மூக்கோடு நில்லாது மார்புக்குள் இறங்குகின்றது. மூச்சு இரைக்கின்றது, பால் இறங்குவதில்லை, உயிர் ஊசலாடுகின்றது. 2019ஆம் ஆண்டில் மட்டும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் முறை இவ்வைரசு மார்பைத் தாக்கியது என்றும், அவற்றுள் 36 இலட்சம் முறை குழந்தைகளை மருத்துவமனையிற் சேர்க்க நேர்ந்தது என்றும், ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர் என்றும் அறிஞர் கணித்துள்ளனர். அவ்வாறு மாண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 97 பேர் செல்வம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் பிறந்தவர்கள்.

ஒரே வைரசு ஒரு குழந்தைக்கு எளிய சளியாகவும், மற்றொரு குழந்தைக்குக் கொடிய நோயாகவும் அமைவது ஏன்? வைரசுகளுக்குள்ளேயே கொடியது, எளியது என்னும் வேற்றுமை உண்டா? அன்றி, வேற்றுமை குழந்தையின் உடலைச் சார்ந்ததா? அறிஞர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வரும் வினா இதுவே.

இவ்வைரசு முதன்முதலில் மனிதரிடத்தில் கண்டறியப்படவில்லை. 1956ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் வால்ட்டர் ரீடு இராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்பட்ட சிம்பன்சிக் குரங்குகளுக்குச் சளி பிடித்தது. அவற்றினிடமிருந்து புதிய வைரசு ஒன்று பிரித்தெடுக்கப்பட்டு, ‘சிம்பன்சிச் சளிக் கிருமி’ எனப் பெயரிடப்பட்டது. அடுத்த ஆண்டில் இராபர்ட் சானக் என்னும் அறிஞர், பால்டிமோர் நகரில் மார்பு நோயால் வருந்திய குழந்தைகளிடமும் அதே வைரசு இருத்தலைக் கண்டார். குரங்கின் நோய் எனக் கருதப்பட்டது குழந்தைகளின் நோய் என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று.

இவ்வைரசு மூச்சு வழியின் உட்புறத்தில் உள்ள உயிரணுக்களைப் பற்றும்போது, அருகருகே உள்ள அணுக்களின் எல்லைச் சுவர்கள் அழிந்து, அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே பேரணுவாகி விடுகின்றன. வரப்பு உடைந்த வயல்கள் ஒரே நீர்ப்பரப்பாகத் தோன்றுதல் போன்றது இது. மூச்சுறுப்புகளில் அணுக்களை இவ்வாறு ஒன்றாக்கும் வைரசு என்பதே ஆர்.எஸ்.வி. என்னும் எழுத்துகள் குறிக்கும் பொருளாகும்.

எல்லா உயிர்களின் உடலமைப்பும் அவற்றின் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கின்றது. ஆர்.எஸ்.வி.யின் மரபுச் செய்தி, ஆர்.என்.ஏ. என்னும் பொருளால் ஆகிய நீண்ட இழை ஒன்றில் அமைந்துள்ளது. அதனை நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு சிறு சுவடி எனக் கொள்ளலாம். அச்சுவடியில் உள்ள எழுத்துகள் ஏறத்தாழ 15,200. அதன் இயல்கள் எனத்தக்க மரபணுக்கள் 10. வைரசு ஓர் உயிரணுவினுள் புகுந்ததும், இச்சுவடியைப் படியெடுக்கும் வேலை தொடங்குகின்றது. ஒரு படியிலிருந்து பல படிகளும், அவற்றிலிருந்து மேலும் பல படிகளும் எழுகின்றன.

படியெடுத்தலில் பிழை நேர்வது இயல்பு. அச்சு இயந்திரம் வருவதற்கு முன்னர், நம் முன்னோர் நூல்களைப் பனையோலையில் எழுத்தாணி கொண்டு படியெடுத்து வந்தனர். எழுதுவோர் ஓரிடத்தில் ஓர் எழுத்தை மாற்றி எழுதுவர். ஓரிடத்தில் ஒரு சொல்லை விட்டுவிடுவர். ஓரிடத்தில் ஒரே அடியை இருமுறை எழுதிவிடுவர். அப்பிழைகள் அடுத்தடுத்த படிகளிலும் தொடர்ந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரே நூலின் பல ஏடுகளை ஒப்பு நோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்தமைக்குக் காரணம் இதுவே. ஒரே பிழையை உடைய ஏடுகள் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை என்றும் அவற்றை ஒப்பிடுவோர் உணர்வர்.

ஆர்.எஸ்.வி.யின் நிலையும் இத்தகையதே. அதன் சுவடியைப் படியெடுக்கும் புரதத்திற்குப் பிழை திருத்தும் ஆற்றல் இல்லை. ஆகவே படிதோறும் சிற்சில எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அம்மாற்றங்களுள் பல வைரசுக்கே கேடு செய்வன. அவற்றை ஏற்ற வைரசுகள் பெருகாது ஒழிகின்றன. சில மாற்றங்களால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மிகச் சில மாற்றங்கள் வைரசுக்குத் துணையாக அமைந்து, தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடுகின்றன.

இம்மாற்றங்கள் எல்லா இயல்களிலும் ஒரே அளவாக நிகழ்வதில்லை. வைரசின் மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு புரதங்கள் ஈண்டு அறியத்தக்கவை. ஒன்று உயிரணுவைப் பற்றிக்கொள்ள உதவுவது; அதனைப் பற்றுப் புரதம் எனலாம். மற்றொன்று வைரசையும் உயிரணுவையும் ஒன்றாக்குவது. அதனை இணைப்புப் புரதம் எனலாம். பற்றுப் புரதம் சர்க்கரைப் பொருள்களைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு, அடிக்கடி கோலம் மாற்றும் இயல்புடையது. இணைப்புப் புரதமோ எளிதில் மாறுவதில்லை. திறவுகோலின் கைப்பிடியை எவ்வாறு வேண்டுமாயினும் வனையலாம். பூட்டினுள் நுழையும் பல் மாறினால் பூட்டுத் திறவாது. இணைப்புப் புரதம் அத்தகைய பல்லைப் போன்றது.

ஆர்.எஸ்.வி.யில் ஏ, பி என்னும் இரு பெரும் பிரிவுகள் உண்டு என்பது 1985ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. இவ்விரு பிரிவுகளின் இணைப்புப் புரதங்களை ஒப்பிட்டால், பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு ஒத்திருக்கும். பற்றுப் புரதங்களை ஒப்பிட்டால், ஏறத்தாழப் பாதியே ஒத்திருக்கும். சில ஆண்டுகளில் ஏ பிரிவும், சில ஆண்டுகளில் பி பிரிவும் மிகுதியாகப் பரவுகின்றன. இரண்டும் ஒருங்கே பரவும் ஆண்டுகளும் உண்டு.

இவ்வைரசின் வரலாற்றில் வியப்புக்குரிய படியெடுப்புப் பிழைகள் இரண்டு. தென்னமெரிக்காவில் அர்ஜென்டினா நாட்டின் தலைநகராகிய பியூனஸ் அயர்ஸில், 1999ஆம் ஆண்டில் பி பிரிவைச் சேர்ந்த புதியதொரு வகை காணப்பட்டது. அதன் பற்றுப் புரதத்தை எழுதும் இயலில் 60 எழுத்துகள் அடுத்தடுத்து இருமுறை அமைந்திருந்தன. ஏடெழுதுவோன் ஒரே அடியை இருமுறை எழுதியதற்கு ஒப்பானது இது. சில ஆண்டுகளில் இவ்வகை உலகெங்கும் பரவி, பி பிரிவின் பழைய வகைகளைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது. பின்னர், 2010ஆம் ஆண்டையொட்டிய குளிர்காலத்தில், கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஏ பிரிவிலும் அத்தகைய வகையொன்று வெளிப்பட்டது. அதில் இருமுறை அமைந்தவை 72 எழுத்துகள். அதுவும் சில ஆண்டுகளிலேயே பல நாடுகளை அடைந்தது. இவ்விரட்டிப்பு ஒரு முத்திரை போல் அமைந்திருத்தலால், அவ்வகை எந்நாட்டிற் காணப்படினும் அதன் வழிமரபை அறிஞர் எளிதில் அறிந்துகொண்டனர்.

புதிய வகை விரைந்து பரவுமாயின், அது பழையதினும் கொடியதாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். விரைவாகப் பரவுதல் வேறு. கொடுமையாகத் தாக்குதல் வேறு. ஏ பிரிவினால் வரும் நோய் சற்று மிகுதியாக இருந்தது என்று அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகர மருத்துவர் 1997ஆம் ஆண்டில் எழுதினர். பிறவிடங்களில் நடந்த ஆய்வுகள் பல, இரு பிரிவுகளுக்குமிடையே வேற்றுமை இல்லை என்றன. பி பிரிவே கொடியது என்று கூறிய ஆய்வுகளும் உண்டு. ஒன்டாரியோ வகையைப் பற்றியும் இவ்வாறே முரண்பட்ட முடிவுகள் எழுந்தன. ஆய்வுக்கு ஆய்வு குழந்தைகளின் வயதும், நோயின் கடுமையை அளக்கும் முறையும், பரவிய வகைகளும் வேறாதலின், முடிவுகளும் வேறாயின. வைரசின் வகையை மட்டும் கொண்டு ஒரு குழந்தையின் நோய் எவ்வளவு கடுமையாகும் என முன்கூட்டிக் கூற இயலாது என்பதே இவற்றால் பெறப்படும் உண்மையாகும்.

குழந்தையின் உடலை நோக்கினால் காரணம் மேலும் விளங்கும். நோயின் கடுமைக்கு முதற்காரணம் மூச்சுக் குழல்களின் சிறுமை. ஒரு குழலினுள் பாயும் பொருளுக்கு ஏற்படும் தடை, குழல் குறுகக் குறுக எவ்வாறு பெருகும் என்பதைப் பிரெஞ்சு நாட்டறிஞர் புவாசேய் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்து வகுத்தார். அவர் விதிப்படி, குழலின் அகலம் பாதியாயின் தடை இருமடங்கு ஆவதில்லை. பதினாறு மடங்கு ஆகின்றது. 8 மில்லிமீட்டர் அகலமுள்ள குழல் ஒன்றையும், 4 மில்லிமீட்டர் அகலமுள்ள குழல் ஒன்றையும் கொள்க. இரண்டிலும் உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்குவதாக வைத்துக்கொள்வோம். பெரிய குழலின் அகலம் 6 மில்லிமீட்டராகிறது. தடை ஏறத்தாழ மூன்று மடங்கு பெருகுகின்றது. சிறிய குழலின் அகலமோ 2 மில்லிமீட்டராகிறது. தடை பதினாறு மடங்கு பெருகுகின்றது. வீக்கம் ஒன்றே, விளைவுதான் வேறு. தமையனுக்குச் சிறு இருமலாகத் தோன்றிய நோய், தொட்டிலில் உள்ள தங்கைக்கு மூச்சுத் திணறலாக மாறுவதன் காரணம் இதனால் விளங்கும். குழந்தையின் நுண்ணிய மூச்சுக் குழல்கள் இவற்றினும் மிகச் சிறியவை. அவற்றில் சளியும் மடிந்த அணுக்களும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்போது, காற்று உள்ளே செல்வதும் அரிதாகின்றது. வெளியே வருவதும் அரிதாகின்றது.

இரண்டாவது காரணம் வயது. பிறந்து ஆறு திங்களுக்குட்பட்ட குழந்தைகளுக்கே இடர் மிகுதி. கருவில் இருக்கும் காலத்தின் இறுதி வாரங்களில், தாயின் குருதியில் உள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைகின்றன. தாய் தன் சேய்க்கு அளிக்கும் முதற் சீதனம் அது எனலாம். மாதம் நிரம்பாமுன் பிறக்கும் குழந்தை இச்சீதனத்தை முழுமையாகப் பெறுவதில்லை; அதன் நுரையீரலும் முற்ற வளர்ந்திருப்பதில்லை. பிறவியிலேயே இதயக் குறையோ நுரையீரற் குறையோ உடைய குழந்தைகளுக்கும் இடர் மிகுதி. புகையிலைப் புகை நிறைந்த வீட்டில் வளர்வது குழந்தையின் மூச்சு வழியை மேலும் நலிவிக்கும். தாய்ப்பாலோ அதற்கு அரணாக விளங்கும்.

அங்ஙனமாயின், வைரசின் எழுத்து மாற்றங்களை ஆராய்வது வீண் முயற்சியோ எனின், அன்று. பகையை வெல்லக் கருவி செய்ய முற்படும்போதுதான் அம்மாற்றங்களின் முழுப் பொருளும் விளங்குகின்றது.

1966ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில், பார்மலின் என்னும் மருந்தினால் செயலிழக்கச் செய்யப்பட்ட ஆர்.எஸ்.வி.யைக் கொண்டு தடுப்பூசி ஒன்று தயாரிக்கப்பட்டுக் குழந்தைகளுக்குப் போடப்பட்டது. நன்மையை நாடிச் செய்த அம்முயற்சி துயரத்தில் முடிந்தது. ஓரிடத்தில் ஊசி போடப்பட்ட 31 குழந்தைகளுள் 20 பேரை அவ்வைரசு பின்னர்ப் பற்றியது, அவருள் 16 பேர் மருத்துவமனையிற் சேர நேர்ந்தது, இருவர் உயிரிழந்தனர். இத்தடுப்பூசி பெறாது வைரசின் வாய்ப்பட்ட மற்றைக் குழந்தைகளுள் மருத்துவமனைக்குச் சென்றோர் மிகச் சிலரே. அதன் பின்னர் நெடுங்காலம் இத்துறையில் அறிஞர் அஞ்சி அஞ்சியே அடியெடுத்து வைத்தனர்.

பிழை நேர்ந்தமைக்குரிய காரணங்களுள் ஒன்று பல ஆண்டுகளுக்குப் பின்னர்த் தெளிவாயிற்று. இணைப்புப் புரதம் உயிரணுவோடு இணைவதற்கு முன்னர் ஒரு வடிவமும், இணைந்த பின்னர் வேறொரு வடிவமும் கொள்வது. போர் செய்ய வரும் வைரசு காட்டுவது முன்னை வடிவம். பழைய தடுப்பூசி உடலுக்குக் காட்டியதோ பின்னை வடிவம். பகைவனின் உண்மை உருவம் அறியாத காவலன் போல் உடல் ஏமாந்தது. ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரகாம் முதலிய அறிஞர் 2013ஆம் ஆண்டில் முன்னை வடிவத்தைக் கண்டு வெளியிட்டனர். அதனை மாறாது நிலைநிறுத்தும் வழியையும் வகுத்தனர்.

இதனிடையே, ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய எதிர்ப்பொருளையே குழந்தையின் உடலிற் செலுத்தும் முறையும் வளர்ந்து வந்தது. அவ்வகை மருந்து ஒன்று 1998ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. பின்னர்ச் சுப்டாவுமாப் என்னும் புதிய மருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளிடத்தில் சோதிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் வெளியான முடிவு ஏமாற்றம் அளித்தது. ஏ பிரிவைத் தடுத்த அம்மருந்து பி பிரிவைத் தடுக்கவில்லை. ஆராய்ந்தபோது, பி பிரிவின் இணைப்புப் புரதத்தில், அம்மருந்து பற்ற வேண்டிய இடத்தில், அடுத்தடுத்து இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருந்தமை புலப்பட்டது. எளிதில் மாறாதது எனக் கருதப்பட்ட பகுதியில் நேர்ந்த அச்சிறு மாற்றம், பல்லாண்டு உழைப்பைப் பயனற்றதாக்கி விட்டது. குழந்தையின் நோயைக் கடுமையாக்கும் ஆற்றல் அம்மாற்றத்துக்கு இருந்ததோ இல்லையோ, மருந்தை வெல்லும் ஆற்றல் இருந்தது.

அறிஞர் மனம் தளரவில்லை. இணைப்புப் புரதத்தின் முன்னை வடிவத்தைப் பற்றும் நிர்செவிமாப் என்னும் எதிர்ப்பொருள் 2022ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும், 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஏற்கப்பட்டது. ஒரே ஊசியால் ஏறத்தாழ ஐந்து திங்கள் குழந்தையைக் காக்க வல்லது அது. கருவுற்ற தாய்க்குப் போடும் தடுப்பூசியும் 2023ஆம் ஆண்டில் அந்நாடுகளில் வழக்கிற்கு வந்தது. தாயின் உடலில் எழும் எதிர்ப்பொருள்கள் சேயை அடைந்து, பிறந்த நாள் முதல் அதனைக் காக்கின்றன. இவ்விரண்டனுள் ஒன்றை ஒவ்வொரு நாடும் மேற்கொள்ளல் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. ஆயினும், காவல் தளரலாகாது. பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களில், நோயுற்ற குழந்தைகளிடமிருந்து பெற்ற வைரசுகளின் எழுத்துகள் இடையறாது படிக்கப்பட்டு வருகின்றன. மருந்து பற்றும் இடத்தில் மாற்றம் தோன்றுகின்றதா என்று காண்பதே அதன் நோக்கம். செல்வம் குறைந்த நாடுகளிலும் அவ்வாய்வு பெருகுதல் வேண்டும். மருந்தும் அங்குள்ள குழந்தைகளைச் சென்றடைதல் வேண்டும்.

மருந்தை மட்டும் நம்பி இருத்தலும் அறிவுடைமை ஆகாது. வைரசின் வகை எதுவாயினும், அது பரவும் வழி ஒன்றே. இதனை விளக்கும் சோதனை ஒன்றை ரோச்செஸ்டர் நகரில் கரோலின் ஹால் என்னும் பெண் மருத்துவர் நடத்தி, 1981ஆம் ஆண்டில் வெளியிட்டார். தாமே முன்வந்த சிலரை அவர் மூன்று குழுவாகப் பிரித்தார். முதற் குழுவினர் நோயுற்ற குழந்தைகளைத் தூக்கி வைத்துப் பேணினர். இரண்டாம் குழுவினர் குழந்தை இல்லாத வேளையில் அதன் தொட்டிலையும் பொருள்களையும் தொட்டுத் தம் மூக்கையும் கண்ணையும் தொட்டனர். மூன்றாம் குழுவினர் எதனையும் தொடாது ஆறடிக்கு அப்பால் அமர்ந்திருந்தனர். முதற் குழுவில் 7 பேருள் ஐவருக்கும், இரண்டாம் குழுவில் 10 பேருள் நால்வருக்கும் நோய் தொற்றியது. மூன்றாம் குழுவின் 14 பேருள் ஒருவருக்கும் தொற்றவில்லை. வைரசின் தேர் பெரும்பாலும் மனிதரின் கையே என்பது இதனால் பெறப்படும். கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்குதல், சளி பிடித்தவர் குழந்தையை முத்தமிடாதிருத்தல், இருமும்போது வாயை மூடிக்கொள்ளுதல் ஆகிய எளிய செயல்களை எவரும் மேற்கொள்ளலாம்.

நோயின் அடையாளங்களை அறிதலும் இன்றியமையாதது. இரண்டு திங்களுக்குட்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலும், இரண்டு முதல் பன்னிரண்டு திங்கள் வரையுள்ள குழந்தை 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலும், அது விரைவு மூச்சு எனப்படும். மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், மூக்குத் துளைகள் விரிதல், பால் குடிக்க இயலாமை, உதடு நீலம் பாரித்தல், மூச்சு இடையிடையே நின்று வருதல் ஆகியன பெருங்கேட்டின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று காணினும், கைமருந்து செய்து காலம் தாழ்த்தாது, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். காலத்தே அளிக்கப்படும் உயிர்க்காற்றும் நீருணவும் எத்தனையோ குழந்தைகளை மீட்டுள்ளன.

பகையின் எழுத்தை ஆய்வுக்கூடத்தில் அறிஞர் படிக்கின்றனர். குழந்தையின் மூச்சை வீட்டில் உள்ளோர் படித்தல் வேண்டும். கையில் கடிகாரமும், ஒரு நிமிடப் பொறுமையும் இருந்தால், பள்ளியிற் பயிலும் சிறுவனும் தன் தங்கையின் மூச்சை எண்ணிப் பார்க்க இயலும். எண்ணக் கற்ற கல்வி ஓர் உயிரைக் காக்குமாயின், அதனினும் சிறந்த பயன் அதற்கு வேறில்லை.